நம்ம ஊர் நடப்பை எண்களில் பார்ப்பது எப்படி? நெல்லைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரண்ட் பில், பஸ், மழை, காய்கறி விலை என்று வீட்டிலும் தெருவிலும் நாம் அன்றாடம் பேசுகிற விஷயங்களைத் தரவு அறிவியல் வழியாகப் பார்க்கலாமா என்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணைச் சேர்ப்பது பாதி வேலைதான். அதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மீதிப் பாதி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தானே?

இல்லை. காலையில் பேப்பரைப் பிரித்ததும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தேடுவது ஆற்றுப்பாசனத்துக்காரர்களின் பழக்கம். நேற்று எத்தனை அடி, இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று பார்த்து, நாற்றுப் பாவலாமா, இன்னும் நாலு நாள் பொறுக்கலாமா என்று முடிவெடுக்கிற அண்ணாச்சி செய்வது தரவு ஆராய்ச்சிதான். கணினி வந்தால் அந்த வேலைக்கு நினைவும் வேகமும் கூடும், அவ்வளவே.

தொடங்குவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் கிராஃப் தாளும் போதும். கணக்கு நீண்டால் கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க். ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்த பிறகு பைத்தான், ஆர் போன்ற நிரல்மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம்.

எனக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

கையால் அளக்க முடிகிற அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள். ‘பாளையங்கோட்டையில் வெயில் கூடிவிட்டதா?’ என்பதற்குப் பல பத்தாண்டுப் பதிவுகள் வேண்டும். ‘தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வெள்ளை பூசிய எதிர்வீட்டு மாடி அறைக்கும் பூசாத நம் மாடி அறைக்கும் சித்திரை மாதம் ராத்திரி 9 மணிக்கு எத்தனை டிகிரி வித்தியாசம்?’ என்பதற்கு இரண்டு தெர்மாமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அளக்கத் தொடங்கும் முன் நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். எதை அளக்கப் போகிறேன்? எதோடு ஒப்பிடப் போகிறேன்? என்ன விடை வந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்? மூன்றாவது வரியை எழுதாமல் தொடங்கினால், எந்த எண் வந்தாலும் நாம் முன்பே நம்பியதற்கு ஆதாரமாகவே தெரியும்.

கரண்ட் பில் திடீரென்று எகிறுகிறது. நாங்கள் எதுவும் கூடுதலாக ஓட்டவில்லையே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே விடை காண முடிகிற கேள்வியும் இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். பலர் கவனிக்காதது 500 என்கிற எல்லை. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 500-க்கு மேல் 600 வரை போகிற யூனிட் 8 ரூபாய்.

போட்டுப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் 225, 900, 600 சேர்ந்து 1,725 ரூபாய். 501 என்றால் 1,350, 600, 8 சேர்ந்து 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கீழே யூனிட், பக்கவாட்டில் ரூபாய் என்று கோடு வரைந்தால் மெல்ல ஏறிவந்த கோடு 500-ல் மதில் மாதிரி நிமிர்வது கண்ணுக்கே தெரியும். பில்லை எத்தனை தடவை வாசித்தாலும் தெரியாதது அந்தப் படத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது நாட்கள். ஒரு வீடு தினம் 8 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 நாளில் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். 64 நாளில் கணக்கெடுத்தால் 512 யூனிட், 2,046 ரூபாய். வீட்டில் பழக்கம் மாறவே இல்லை, ஆனால் பில் 441 ரூபாய் கூடுகிறது. ஆகவே பில்லையும் பில்லையும் ஒப்பிடாதீர்கள். யூனிட்டை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்பதை ஒப்பிடுங்கள். யூனிட் விலை 2022-க்குப் பிறகு ஏறியிருக்கிறது. இப்போதைய அட்டவணையை எடுத்து இதே கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசையா? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே நேரத்தில் மீட்டரைக் குறித்துவையுங்கள். பக்கத்திலேயே ‘ஊரிலிருந்து மைனி வீட்டார் வந்திருந்தார்கள்’, ‘மோட்டார் கூடுதலாக ஓடியது’ என்று ஒரு வரி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேலேயே போகும். கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, அதே தொட்டி நிறைய இரண்டு மடங்கு நேரம் ஆகிறதென்றால் அது இந்த நோட்டில் தெரிந்துவிடும். ஏசி மேல் மட்டுமே சந்தேகப்பட்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மோட்டாரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வண்ணார்பேட்டையில் நின்றால் பஸ் வருவதே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்கிறார்களே?

இரண்டு பேச்சுமே உண்மையாக இருக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் 6 பஸ் வருகிறது, சராசரி இடைவெளி 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சீராக வந்தால் நாம் சராசரியாக 5 நிமிடம் நிற்க வேண்டும். ஆனால் ஒரு இடைவெளி 4 நிமிடம், அடுத்தது 16 நிமிடம், மறுபடி 4, மறுபடி 16 என்று வந்தால்? அப்போதும் சராசரி இடைவெளி 10 நிமிடம்தான். ஆனால் நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் 20 நிமிடத்தில் 16 நிமிடம் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் மாட்டுவார். அங்கே மாட்டினால் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம், சின்ன இடைவெளியில் 2 நிமிடம். இரண்டையும் அந்தந்த விகிதத்தில் சேர்த்தால் 6.8 நிமிடம். கால அட்டவணை சொல்வதற்கும் கால் வலி சொல்வதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் இதுதான்.

இடைவெளி ஏன் இப்படிக் கோணலாகிறது? கொஞ்சம் பிந்திய பஸ்ஸுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் கூட்டம் காத்திருக்கும். ஏற்றி இறக்க நேரமாகி அது இன்னும் பிந்தும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆள் குறைவு, ஆகவே அது வேகமாக வந்து முன்வண்டியை ஒட்டிக்கொள்ளும். ஜங்ஷனிலிருந்து பாளைக்கு இரண்டு பஸ் அடுத்தடுத்து வந்துவிட்டு அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வராமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்களே.

இதை அளக்க நினைத்தால் உங்கள் காத்திருப்பை அளக்காதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து அந்தத் தடத்தில் வந்த ஒவ்வொரு பஸ்ஸின் நேரத்தையும் குறியுங்கள். பிறகு ஒரு நீளக் கோட்டில் நேரத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். கொத்துக் கொத்தாகப் புள்ளிகளும் நடுவில் வெறும் வெளியும் தெரிந்தால், வண்டி எண்ணிக்கை போதாதது குறையா, வண்டிகள் ஒட்டிக்கொள்வது குறையா என்று பிரித்துச் சொல்ல முடியும். மனுக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு படம் பத்துப் பக்கக் கடிதத்தைவிட உதவும்.

‘எப்போதும் கூட்டம்’ என்பதும் இதே கதைதான். ஒரு பஸ்ஸில் 80 பேர், இன்னொன்றில் 20 பேர் என்றால் கண்டக்டர் கணக்கில் சராசரி 50. பயணிகள் நூறு பேரையும் ‘உன் பஸ்ஸில் எத்தனை பேர்?’ என்று கேட்டுச் சராசரி போட்டால் 68. கூட்டமான பஸ்ஸில்தான் அதிகம் பேர் இருந்தார்கள், அதனால்.

காய்கறி, பூ விலையை எப்படிப் பின்தொடர்வது?

உழவர் சந்தையில் தினமும் விலைப்பலகை எழுதிப் போடுகிறார்கள். 1999-ல் இந்தச் சந்தைகள் வந்ததிலிருந்து உள்ள வழக்கம் இது. பாளை மகாராஜநகர் சந்தைக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் பலகையைப் படம் எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மொத்த விலைக்கு மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. எந்தச் சந்தை, எந்தத் தேதி, எந்த ரகம் என்று பார்த்து இறக்கிக்கொள்ளலாம். மொத்த விலையையும் சில்லறை விலையையும் ஒரே கோட்டில் கலந்துவிடாதீர்கள்.

இப்படிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கீரை விற்கிற ஆச்சி ஒருவர் கேட்டார்: “என்ன தம்பி, தினமும் போர்டை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போறிய, காய் வாங்க மாட்டியளா?” விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது: “மழை பெஞ்ச மறுநாள் கீரைக்கட்டே வராது. அன்னைக்கி போர்டுல வெலையே இருக்காது. அதையும் எழுதிக்கிடுங்க.”

எத்தனையோ பாடப்புத்தகங்கள் நீட்டி முழக்குகிற விஷயம் இது. விலை இல்லாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும், பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம் போட்டால் எக்செல் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்து, கீரை கிடைக்காத மாதத்தில் கீரை மலிந்துவிட்டதாகக் காட்டும். ‘வரத்து இல்லை’ என்று தனிப்பத்தி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்தப் பத்திதான் விலைப்பத்தியைவிட அதிகம் பேசும்.

இன்னொரு தந்திரம், பண்டிகை விலை பார்ப்பவர்களுக்கு. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இங்கிலீஷ் தேதியைக் கீழே போட்டு மூன்று வருட விலையை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் மூன்று தனித்தனி மேடுகள் தெரியும், எதுவும் புரியாது. தேதிக்குப் பதிலாக ‘தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு’ என்று போடுங்கள். மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். மல்லிகைக்கும் இதே முறைதான்: முகூர்த்த நாளைப் பூஜ்யமாக வைத்து முன்னும் பின்னும் எண்ணுங்கள். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறையும், தையில் கல்யாணங்கள் குவியும். இரண்டு காரணங்களும் அடுத்தடுத்து வருவதால், எதனால் எவ்வளவு ஏற்றம் என்று பிரிக்க இந்த வரிசைமாற்றம் கட்டாயம் வேண்டும்.

எங்கள் ஊரில் சராசரி மழை எவ்வளவு?

எந்த ஊர், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்பேன்.

நாலுமுக்கு, ஊத்து, மாஞ்சோலை என்று மேலே மலையில் இருக்கிற எஸ்டேட் ஊர்கள் தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேரும். அங்கிருந்து பறவை பறக்கிற தூரத்தில் ராதாபுரமும் திசையன்விளையும் காய்ந்து கிடக்கும். இரண்டையும் கூட்டி வகுத்து ‘மாவட்டச் சராசரி’ என்று ஓர் எண் சொன்னால், அந்த அளவு மழை பெய்கிற ஊரே மாவட்டத்தில் இல்லாமல் போகலாம்.

பருவமும் அப்படித்தான். ஜூன் முதல் பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்து தாமிரபரணியில் தண்ணீர் வரும். டவுனில் வெறும் காற்றும் சாரலும்தான். அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் கார் என்கிற முதல் போக நெல் சாகுபடி. ஐப்பசிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் சமவெளி நனையும், குளங்கள் பெருகும், பிசானம் என்கிற அடுத்த போகம் நடக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே வருடக் கணக்காக்கினால் விவசாயிக்கு அது எந்த உதவியும் செய்யாது. பருவத்துக்கு ஒரு படம் என்று பிரித்து வரையுங்கள்.

அப்புறம் அந்த 2023 டிசம்பர். 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றின் மேல் மட்டும் ஏறக்குறைய 88 ஆயிரம் லிட்டர் தண்ணீர் கொட்டியிருக்கிறது. அந்த நாளில் வீடும் ஆடுமாடும் இழந்தவர்களுக்கு எண்ணைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைத் தரவில் எப்படி வைப்பது என்பது முக்கியம். ஒரு ஊரில் 9 டிசம்பர்களில் 10 செ.மீ., ஒரு டிசம்பரில் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 18. அப்படி ஒரு டிசம்பர் ஒருபோதும் வரவில்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவு, 10. வழக்கமான வருடத்தைச் சொல்ல இடைநிலை அளவும், பாலத்தையும் கால்வாயையும் எந்த உயரத்துக்குக் கட்டுவது என்று முடிவெடுக்க அந்த 90-ம் வேண்டும். பெருமழையை ‘விதிவிலக்கு’ என்று தரவிலிருந்து நீக்குவது நம் ஊரில் செய்யவே கூடாத காரியம். 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டில் அளக்க நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரமும் அளவுகோலும் போதும். மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வானிலைத் துறை காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை எண்ணி, முடிகிற தேதியில் பதியும். நீங்களும் அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ராத்திரி பெய்த மழையை இரண்டு பேர் இரண்டு தேதியில் எழுதிவைத்துவிட்டுச் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. 71 அடி என்றால் பாதி நிறைந்துவிட்டதுதானே?

இல்லை. அணை அடியில் குறுகியும் மேலே போகப் போக விரிந்தும் இருக்கும். கடைசிப் பத்து அடியில் நிற்கும் தண்ணீர், அடியில் உள்ள பத்து அடியைவிடப் பல மடங்கு. பாதி உயரம் வந்தபோது தண்ணீர் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். மணிமுத்தாறு 118 அடிதான், ஆனால் நிரம்பினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஏறக்குறைய ஐந்தரை டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும். ஆகவே அணைகளை ஒப்பிடும்போது அடியை விட்டுக் கொள்ளளவில் வரையுங்கள்.

எந்தப் படம் வரைவது?

நேரம் ஓடுகிற விஷயத்துக்குக் கோடு. பொருளையும் பொருளையும் ஒப்பிடப் பட்டை. இரண்டு அளவுகளுக்கு உறவு இருக்கிறதா என்று பார்க்கப் புள்ளிகள். இந்த மூன்றும் பெரும்பாலும் போதும்.

வட்டத்தைத் துண்டு போடுகிற படத்தை நான் தவிர்த்துவிடுவேன். மனிதக் கண் ஒரே அடிக்கோட்டில் நிற்கும் நீளங்களைத் துல்லியமாக ஒப்பிடும், கோணத்தையும் பரப்பையும் அப்படி ஒப்பிடாது. கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் 1984-ல் ஆட்களை வைத்துச் சோதித்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1973-ல், ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். சராசரி, பரவல், உறவின் அளவு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளி இழுத்துக் கெடுத்தவை. வரையாமல் சராசரியை மட்டும் நம்புகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பட்டையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். தக்காளி ஒரு சந்தையில் 38 ரூபாய், இன்னொன்றில் 40. அளவுகோலை 36-ல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். பார்க்கிறவரை ஏமாற்றுகிற வேலை அது, தெரியாமல் செய்தாலும். கோட்டுப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. படத்தின் தலைப்பில் ‘விலை நிலவரம்’ என்று போடாமல், கண்டுபிடித்ததையே வாக்கியமாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில், சின்னத் திரையில்தான் பார்ப்பார்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். ஆண்களில் கணிசமானவர்களுக்கு அவை பிரிந்து தெரியாது.

இரண்டு கோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும். அதே மாதங்களில் கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றும். மாதவாரியாகப் புள்ளி வைத்தால் இரண்டும் கைகோத்து ஏறும். அருவி விழுவதால் காற்றாலை சுற்றுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தென்மேற்குக் காற்று ஈரத்தை மலையில் இறக்கிவிட்டு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே புகுந்து வருகிறது. இரண்டுக்கும் தாய் அதுதான்.

இந்த உதாரணத்தில் காற்று நமக்குத் தெரிந்ததால் தப்பித்தோம். தெரியாத விஷயத்தில் ஒரு சோதனை செய்யுங்கள்: பொதுக்காரணம் என்று சந்தேகிப்பதை ஒரே நிலையில் நிறுத்திப் பாருங்கள். ஜூலை மாத நாட்களை மட்டும் எடுத்து, அதற்குள்ளும் உறவு தெரிகிறதா? காணாமல் போனால் அந்த உறவைப் பருவம்தான் உண்டாக்கியிருக்கிறது.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

எத்தனை பேர் என்பதற்கு முன், எப்படிப் பொறுக்கினீர்கள் என்பது. டவுனில் அல்வா வாங்க நிற்கும் வரிசையில் ‘அல்வா பிடிக்குமா?’ என்று ஆயிரம் பேரைக் கேட்டாலும் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சீட்டுக் குலுக்கி எடுத்த 100 வீடுகள், ஆம்-இல்லை கேள்விக்கு உண்மையான விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 10 புள்ளி முன்பின்னாகக் காட்டும். 400 வீடுகள் என்றால் 5 புள்ளி. பிழை பாதியாகக் குறைய நான்கு மடங்கு உழைப்பு வேண்டும்.

விளைச்சல் கணக்கெடுப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் அளந்து அறுத்து எடை போடுகிறார்கள். எந்த இடத்தில் அந்தக் கட்டம் என்பதைக் சீட்டுக் குலுக்கியதுபோல் வருகிற சமவாய்ப்பு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆளிடம் விட்டால் கால் தானாகவே கதிர் செழித்த பக்கம் போகும். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களில் பெரிய அளவில் வளர்த்தெடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு முறை இன்றைக்கு நம் பயிர்க் காப்பீட்டுத் தொகை வரை வந்து நிற்கிறது.

பழைய அரசுப் புள்ளிவிவரத்தில் திருநெல்வேலி திடீரென்று சுருங்கிவிட்டதே?

2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்ட மக்கள்தொகை 30,77,233. அதில் இன்றைய தென்காசி மாவட்டமும் உண்டு. தென்காசி பிரிந்தது 2019 நவம்பர் 22. அதற்கும் முன்பு, 1986 அக்டோபர் 20-ல் தூத்துக்குடி பிரிந்தது. இந்த இரண்டு தேதிகளையும் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். நெல் பரப்போ பள்ளி எண்ணிக்கையோ அந்த ஆண்டுகளில் சரிந்தால், மாவட்டத்தின் எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது என்றே முதலில் எண்ணுங்கள்.

பிரிந்தவற்றைத் திரும்பக் கூட்டிக்கொள்வது எளிய வழி. தாலுகாக்களும் பிரிந்திருப்பதால் (மானூர், சேரன்மகாதேவி, திசையன்விளை பிறகு வந்தவை) முடிந்தால் வருவாய்க் கிராம அளவுக்கு இறங்குங்கள். ஊர்ப்பெயரையும் ஒழுங்கு செய்ய வேண்டும். ஒரு பட்டியலில் பாளை, இன்னொன்றில் பாளையங்கோட்டை, மூன்றாவதில் பாளையன்கோட்டை என்றிருந்தால் கணினி மூன்று ஊராக எண்ணும்.

மேப் போடலாமா?

போடலாம். 1854-ல் லண்டனில் காலராவில் இறந்தவர்களின் வீடுகளை மருத்துவர் ஜான் ஸ்னோ தெருப்படத்தில் குறித்தபோது, புள்ளிகள் பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி மொய்த்தன. எரியாத தெருவிளக்கு, தேங்கும் சாக்கடை, வறண்ட போர் என்று நம் தெருவிலும் குறிக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஆனால் ஆள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் எல்லாப் புள்ளியும் நெருக்கமாகத்தான் இருக்கும். மேலப்பாளையத்தில் புகார் அதிகம் என்று சொல்லும் முன் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து படத்தில் உடைகிறது, என்ன செய்ய?

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேராகத் திறக்காமல், தரவை உள்ளிடும் வழியாகக் கொண்டுவந்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே கேட்டுவிடும். பைத்தானில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பில் ‘கொ’, ‘கெ’ போன்றவற்றில் கொம்பு இடம்மாறி விழுவது நெடுநாள் தொல்லை. நான் கணக்கைப் பைத்தானில் போட்டுவிட்டு, படத்தை டேட்டாராப்பர் போல உலாவியில் ஓடுகிற கருவியில் வரைகிறேன். அங்கே எழுத்து ஒழுங்காக வரும். பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஏஐயிடம் கேட்டால் எல்லாம் செய்து தருமே?

நிரல் எழுதும், படம் வரையும், அந்த உதவியை நானும் எடுத்துக்கொள்கிறேன். கீரைக்கட்டு வராத நாள் எது என்பது ஆச்சிக்குத்தான் தெரியும்.

அக்கம்பக்கத்தார் தகவலைச் சேர்க்கலாமா?

சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிச் சேர்க்கலாம். கதவு எண், பெயர், கைப்பேசி எண் எதுவும் படத்தில் வரக் கூடாது. தெருவில் ஐந்தே வீடுகள் என்றால் பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது தெருவாரியாகப் போடாமல் ஊர்வாரியாகப் போடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு செய்ய ஒன்று சொல்லுங்கள்.

ஜனவரியில் குளங்களில் நீர்ப்பறவை எண்ணப் போகலாம். கூந்தன்குளம் பக்கத்திலேயே இருக்கிறது, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வகுப்பறை இல்லை. செலவே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் நிழல்.

ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, வாரம் ஒரு நாள் உச்சி நிழலின் நீளத்தையும் திசையையும் குறிக்கச் சொல்லுங்கள். மார்கழி தொடக்கத்தில் நிழல் வடக்கே 63 செ.மீ. விழும். பிறகு குறைந்துகொண்டே வந்து, சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 12, 13 வாக்கில், உச்சியில் நிழலே இராது. அதன்பின் தெற்கே திரும்பி ஜூன் 21-ல் 26 செ.மீ. ஆகும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி பூஜ்யம். வடக்கை மேலாகவும் தெற்கைக் கீழாகவும் வைத்து வரைந்தால் வருடம் முழுவதும் ஓர் அழகான அலையாக வரும். மேகம் மூடிய நாட்களை வெறுமையாக விடச் சொல்லுங்கள், அலையின் போக்கைப் பார்த்து அந்த இடங்களில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகளே கணிக்கட்டும்.

கடிகாரத்தில் 12 மணிக்கு அளக்க வேண்டாம். இந்திய நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் 77.7-ல் இருக்கிறோம். ஏப்ரலிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சிக்கு வர 12.20 ஆகும். மற்ற மாதங்களில் கால் மணி நேரம் வரை முன்பின் இருக்கும். ஆகவே 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.